எட்டு சென்டிமீட்டரும் அரை உழவும்

இந்த மாத ஆரம்பத்தில் அக்காவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதைப் போய் எழுதுவானேன் என்றுதான் இருந்தேன். ஆனால் எழுதாவிட்டால் இந்த வாரத்துக்கு வேறு விஷயம் இல்லை.

என் மழை ஜாடிப் பைத்தியம் உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காக — அது வாயும் அடியும் ஒரே அகலமுள்ள சாதாரணக் கண்ணாடி ஜாடி. வெட்டவெளியில் வைத்துவிட்டு, மழை விட்டதும் ஸ்கூல் ஸ்கேலால் தண்ணீரின் உயரத்தை அளக்க வேண்டியதுதான். ரேடியோவில் சொல்கிற சென்டிமீட்டர் நம் வீட்டிலேயே கிடைத்துவிடும். சேலத்தில் என் மொட்டைமாடியில் ஒன்று வைத்திருக்கிறேன். ராசிபுரம் பக்கம், அக்கா வாக்கப்பட்ட ஊரில், அவள் காட்டிலும் ஒன்று வைத்திருக்கிறேன்.

அக்காவுக்கு நாலு ஏக்கர் மானாவாரிக் காடு, மழையை மட்டுமே நம்பிய நிலம். மச்சான் லாரியை எடுத்துக்கொண்டு பம்பாய், நாக்பூர் என்று போய்விடுவார். விவசாயம் முழுக்க அக்கா பொறுப்பு. இந்த வருஷம் கடலைக்காய் போடுவதாக ஏற்பாடு. விதைக்காயை உடைத்துப் பருப்பும் எடுத்தாகிவிட்டது. அங்கேதான் சிக்கல். உடைத்த பருப்பு ரொம்ப நாள் தாங்காது, முளைப்பு போய்விடும். அதற்காக ஈரம் பற்றாத மண்ணில் போட்டாலும் வீண். மறுபடி விதைக்க வேறு விதையும் கிடையாது. ஆக, அக்காவுக்கு ஒரே ஒரு நல்ல மழை வேண்டும்... அதுவும் சீக்கிரம் வேண்டும்.

நான் போயிருந்த சனிக்கிழமை மத்தியானம் மழை வந்தது. தூறிவிட்டு வலுப்பது, காற்றடித்து முன்கூட்டித் தகவல் சொல்வது எல்லாம் இல்லை. அண்டாவைக் கவிழ்த்தது போல முக்கால் மணி நேரம் கொட்டியது. அப்புறம் பளிச்சென்று வெயில். ஓடிப்போய் அளந்தேன். எட்டு சென்டிமீட்டர்!

"அக்கா, காலையில ஏர் பூட்டிரலாம்" என்றேன். லாரிக்கு லோடு இல்லாமல் மச்சானும் ஊரில்தான் இருந்தார். நாலு ஏருக்குச் சொல்லியனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏரெல்லாம் வந்து நின்றன. அக்கா களைக்கொத்தை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் இறங்கினாள். நாலைந்து இடத்தில் கொத்தி, குழிக்குள் கையை விட்டுப் பார்த்தாள்.

"ஏஞ்சாமி, எத்தன பேஞ்சுதுன்னு சொன்ன?"

"எட்டு சென்டிமீட்டருக்கா."

"இங்க வந்து கைய உடு."

விட்டேன். நாலு விரற்கடைக்குத்தான் ஈரம். அதற்குக் கீழே மண் பொடியாக உதிர்ந்தது.

"அரை ஒழவு மழைதானுங்க. ஏரெல்லாம் திரும்பிப் போகட்டும்" என்றாள் மச்சானிடம்.

எங்கள் பக்கத்தில் மழைக்கு அளவு உழவுதான். கலப்பை இறங்குகிற ஆழத்துக்கு ஈரம் இறங்கினால் ஒரு உழவு மழை. சென்டிமீட்டரை யார் கேட்டார்கள்?

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஜாடி பொய் சொல்லாதுக்கா."

"பொய்னு நானெங்க சொன்னேன்? உன்ற ஜாடியில உளுந்தது உளுந்தபடியே நின்னுக்கும். செம்மண்ணு அப்படியா? அது குடிக்கறதுக்கு நேரங் குடுக்கோணும். அங்க பாரு."

ஓடையைக் காட்டினாள். இன்னும் செக்கச்செவேலென்று ஓடிக்கொண்டிருந்தது. என் எட்டு சென்டிமீட்டரில் பெரும்பகுதி அதில் போய்க்கொண்டிருந்தது. கூடவே மேல்மண்ணும்.

"அடுத்த மழை வராட்டி வெதை என்னக்கா ஆகும்?"

அக்கா கொத்திய குழியைக் காலால் தள்ளி மூடினாள். "இதுல போட்டா இன்னிக்கே போச்சு. வெச்சிருந்தா இன்னும் ஒரு வாரம் இருக்குது" என்றாள். அவளுக்கும் பயம்தான்.

அன்றைக்குக் காபி குடிக்கும்போது சமீபத்தில் பேப்பரில் படித்ததை எடுத்துவிட்டேன். புகையால் உலகம் சூடாகி வருகிறதாம். காற்று சூடாக ஆக அதிக ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளுமாம். வெயில் நாளில் கொடியில் போட்ட வேட்டி சட்டென்று காய்கிறதே, அந்தத் தண்ணீர் எங்கே போகிறது? காற்றுக்குள்தான். இனிமேல் வானம் நிறையச் சேர்த்து வைத்து, கொட்டும்போது ஒரேயடியாகக் கொட்டலாம் என்கிறார்கள் விஞ்ஞானிகள்.

மச்சான் டம்ளரைக் கீழே வைத்தார். "அப்ப எங்க லாரிப் பொகைதான் மழையக் கெடுக்குதுங்களா மாப்ளே?"

"உங்க ஒரு லாரி இல்லீங்க மச்சான். உலகத்துல இருக்கற அத்தன பொகையும்."

"அப்பச் சரிங்க" என்று நிம்மதியாக ஒரு பீடியைப் பற்றவைத்தார்.

சனிக்கிழமை மழை அதனால்தான் வந்ததா? ஒரே ஒரு மழையை வைத்து யாரும் அப்படிச் சொல்லிவிட முடியாது. ஆனால் ஒரு யோசனை வந்து ஒட்டிக்கொண்டது. வருஷக் கடைசியில் மொத்த சென்டிமீட்டர் குறையாமலே இருக்கும்... காடு மட்டும் காய்ந்து கிடக்கும். அப்படியும் ஒரு காலம் வரலாம் இல்லையா?

ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு அங்கேயே தங்கினேன். அக்காவின் விதை என்ன ஆகிறது என்று பார்க்காமல் எப்படிக் கிளம்புவது?

வியாழக்கிழமை வந்தது அடுத்த மழை. விடிந்ததிலிருந்து சாயங்காலம் வரை பொசபொசவென்று ஒரே சீராகப் பெய்தது. ஓடைக்கு ஒரு சொட்டு போகவில்லை. ஜாடியை அளந்தேன் — மூன்றரை. அக்கா கொத்திப் பார்த்தாள். கலப்பை ஆழத்தைத் தாண்டி ஈரம்.

"ஒன்னே கால் ஒழவு" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். இவ்வளவு சந்தோஷமாக நான் யாரிடமும் தோற்றதில்லை.

மறுநாள் நாலு ஏரும் திரும்பி வந்தன. ஏர் போகப் போகப் பெண்கள் பின்னாலேயே கலப்பை கீறிய சாலில் பருப்பு போட்டுக்கொண்டு போனார்கள். ஒரே சிரிப்பும் கேலியும். பேன்ட்டை முழங்காலுக்கு மடித்துவிட்டு நானும் ஒரு சால் வாங்கிக்கொண்டேன். போட்டுக்கொண்டே பக்கத்துச் சால் பெண்ணுக்குச் சூடான காற்றைப் பற்றி விளக்கினேன். அந்தம்மா கை நிற்காமல் தலையை மட்டும் ஆட்டியது.

"மாப்ளே, வானத்தப் பாக்காம சாலப் பாத்துப் போடுங்க" என்றார் மச்சான்.

முந்தாநாள் அக்காவின் கார்டு வந்தது:

"சாமி, கடலை எல்லாம் மொளச்சிருச்சு. காடே பச்சையா இருக்குது. நீ போட்ட சால்ல மட்டும் அங்கங்க சந்து உளுந்து கெடக்குது. அதுக்கும் மழையச் சாக்கு சொல்லி எழுதிப்புடாத."