பதினாலாவது இடம்

சுவிஸ் நாட்டின் பீல் நகரில் நான் கைக்கடிகாரம் பொருத்திய தொழிற்சாலையில் பக்கத்து மேசைக்காரர் ஒரு பிரெஞ்சுக்காரர். லீவு நாட்களில் மோட்டார்சைக்கிள் பந்தயம் ஓடுவார். பத்து வருடமாக ஓடியும் பெரிய பந்தயம் எதிலும் ஒரு புள்ளிகூட எடுத்ததில்லை. ஒரு திங்கட்கிழமை தானே கேக் வாங்கிவந்து எல்லோருக்கும் வெட்டிக் கொடுத்தார். வென்றுவிட்டார் என்று நினைத்துக் கைகொடுத்தேன். பதினாலாவதாக வந்தாராம். முதல் பதினைந்து பேருக்குப் புள்ளி உண்டாம்.

எனக்குத்தான் கூச்சமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் நான் எப்போதும் இரண்டாம் பிள்ளை. ரிப்போர்ட்டை நீட்டினால் அப்பா என் மார்க்கைப் பார்க்கமாட்டார். "முதலாம் பிள்ளை ஆர்?" என்றுதான் கேட்பார். இரண்டாம் இடத்துக்கு எங்கள் வீட்டில் ஒருவரும் கேக் வெட்டியதில்லை.

அடுத்த வருடம் மணிக்கட்டு முறிந்து அவர் பந்தயத்தை விட்டார். அந்தப் பதினாலாவது இடத்துக்கு மேல் அவர் போகவேயில்லை.

ஊரிலிருந்து கொழும்புக்கு வந்து நின்ற அப்பாவுடன் ரெலிபோனில் கதைத்தபோது இந்தக் கதையைச் சொன்னேன். அப்பா கடைசிவரை கேட்டார்.

"அப்ப முதலாவதா வந்தவன் ஆர்?"

பெயர் எனக்குத் தெரியும். கேக் வெட்டும்போதே பிரெஞ்சுக்காரர் சொல்லியிருந்தார்.

"தெரியாது அப்பா" என்றேன்.