கடைசி அத்தியாயத்தின் பின்பக்கம்

இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த முதல் வருடம், ஒரு வாரம் முழுக்கக் கள்ளக்குறிச்சிக்குப் பத்திரிகைக் கட்டுகள் வரவில்லை. நான் அப்போது ஒரு நாளிதழின் உள்ளூர் நிருபர். எலவனாசூர்கோட்டைக்கு அந்தப் பக்கம் புளியமரங்கள் ரோட்டின் குறுக்கே வெட்டிச் சாய்க்கப்பட்டிருந்தன. சைக்கிளைத் தோளில் தூக்கி, கிளைகளைத் தாண்டிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதினேன். அந்த வாரம் உயிரையும் பிழைப்பையும் இழந்தவர்கள் இருந்தார்கள். என் இழப்பு அவர்களுடையதோடு வைத்துப் பேசத்தக்கதல்ல. வராமல் போன கட்டில் ஒரு தொடர்கதையின் கடைசி அத்தியாயம் இருந்தது, அவ்வளவுதான்.

அந்தக் கதையில் வேற்றுக்கிரகவாசி ஒருவன் மல்லாட்டைக் கொல்லையில், அதாவது வேர்க்கடலை வயலில், இறங்குகிறான். அவன் வந்த கலத்தைக் கேட்பாரற்ற பொருள் என்று தாலுகா ஆபீஸ் எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. திரும்பப் பெற இருப்பிடச் சான்று வேண்டும், சாதிச் சான்று வேண்டும். முப்பது வாரம் அவன் வரிசையில் நிற்கிறான். எந்த மேஜைக்குப் போனாலும் கேள்வி ஒன்றுதான்: "நீங்க இன்னா ஆளுங்க?" கடைசிக்கு முந்தைய அத்தியாயத்தில், சாதி என்ற கட்டத்தில் எழுதத் தாசில்தார் பேனாவைத் திறக்கிறார். தொடரும்.

பேருந்து நிலையம் பக்கத்தில் குடைக்கடை வைத்திருந்த பாயும் நானும் சேர்ந்து வாங்கிய வார இதழில் வந்த கதை அது. வாரா வாரம் நான் கதைப் பக்கங்களைக் கிழித்து எடுப்பேன், அவர் கோந்து தடவி அடுக்கி வைப்பார். கடைசி அத்தியாயம் வந்ததும் பைண்டிங்குக்குக் கொடுப்பதாக இருந்தோம். மறியல் முடிந்து அடுத்த இதழ் வந்தபோது அந்த இடத்தில் வேறு கதை ஆரம்பித்திருந்தது. பழைய இதழ் கேட்டு எழுதினேன். கையிருப்பில் இல்லை என்று கார்டு வந்தது. கட்டு போய்ச் சேர்ந்த வெளியூர் நூலகத்துப் பிரதியில், எங்களைப் போன்ற யாரோ எங்களுக்கு முன்பே அந்தப் பக்கங்களைக் கிழித்து எடுத்திருந்தார்.

அந்தக் கதை இரண்டு வருடம் கழித்துப் படமாக வந்தது. தாசில்தார் என்ன எழுதினார் என்று தெரிந்துவிடும் என்பதால் பாய் கடையை மதியமே சாத்தினார்.

படத்தில் தாலுகா ஆபீஸே இல்லை. வரிசை, சான்றிதழ், தாசில்தார் யாரும் இல்லை. வேற்றுக்கிரகவாசி கருப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பங்களாவில் ஒரு விஞ்ஞானியோடு சண்டை போட்டான். எங்கள் கல்வராயன் மலை அருவியிலேயே நனைந்து பாடினான். முடிவில் கதாநாயகியைக் கல்யாணம் செய்துகொண்டான். ஊர்க்காரர்கள் அருவியைப் பார்த்து விசிலடித்தார்கள். சாதிக் கட்டத்தை அந்த நேரத்தில் தொடப் பயந்துதான் எடுத்துவிட்டார்களா என்று எனக்குத் தெரியாது, விசாரித்துச் சொல்லவும் ஆளில்லை.

வெளியே வந்ததும் பாய் வேட்டியை உதறிக் கட்டினார். "இன்னா ரிப்போர்ட்டரே, இதுக்கா ரெண்டு வருஷம் காத்துக்கினு இருந்தோம்? அந்தக் கண்ணாடிக்காரனுக்குச் சான்றிதழே வேணாமாம். நேரா பொண்ணு கொடுத்துட்டானுங்க."

அவர் வீட்டில் டீ குடித்துக்கொண்டே இருவரும் படத்தைத் திட்டினோம். அவர் மனைவி உள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஒரு வாரம் வராததுக்கே இந்தப் பாடா? முப்பது வாரம் எங்க கதையைக் கிழிச்சிக்கினு போனீங்களே, நாங்க யார்கிட்டப் போய் அழறது?"

"உங்க கதையா அக்கா?"

"பின்ன? உங்காளு கதை முடியற பக்கத்துக்குப் பின்னாலதான் நாங்க படிக்கிற மாமியார் தொடர்கதை ஆரம்பிக்கும். ஒரு வாரமாவது திருப்பிப் பார்த்தீங்களா தம்பி? அந்தக் கதையை எவ பைண்டு பண்ணி வச்சிருக்காளோ அவகிட்டப் போய்க் கேளுங்க."

கோந்து போட்ட கட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். ஒவ்வொரு அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்துக்குப் பின்னாலும் மாமியார் கதையின் தலைப்பு இருந்தது. மாமியார் கதையைச் சேர்த்தவரிடம் எங்கள் கதையின் கடைசிப் பக்கமும் தானாகவே இருக்கும். அதுவரை நான் ஆண்கள் சேர்த்த பைண்டிங்குகளைத்தான் ஊர் ஊராகக் கேட்டிருந்தேன்.

அன்றிலிருந்து செய்திக்காகப் போன இடமெல்லாம் பெண்களிடம் கேட்டேன். சங்கராபுரத்தில் ஒரு டீச்சர் எடைக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னார். திருநாவலூரில் ஒருவர் சேர்த்திருந்தார், எங்களுக்கு வராத வாரம் அவருக்கும் வரவில்லை. அதன் பிறகுதான், இதழைத் தபாலில் வாங்குகிற ஒருவர் வேண்டும் என்று புரிந்தது. கட்டு நின்றுவிடும், தபால் தாமதமாகவாவது வரும். தபால்காரர்களிடம் விசாரித்தேன். மலை மேல் சுகாதார நிலையத்து நர்ஸம்மா பெயரைச் சொன்னார்கள்.

நான் போன அன்று அங்கே தடுப்பூசி நாள். அம்மாக்கள் குழந்தைகளோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நர்ஸம்மா நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டே இரண்டு ஊசி போட்டார்.

"அந்த வாரப் புஸ்தகம் இருபது நாள் கழிச்சு நனைஞ்சு வந்துச்சு. மாமியார் கதையை மட்டும் எடுத்து மத்த வாரத்தோட சேர்த்துத் தைச்சு வச்சிருக்கேன். இருக்குது. ஆனா கிழிக்கக் கூடாது, கொண்டு போகவும் கூடாது."

"இங்கேயே உட்கார்ந்து எழுதிக்கிறேன்."

"சாயங்கால பஸ்ஸை விட்டா அப்புறம் வண்டி கிடையாது, பார்த்துக்குங்க."

அவர் தைத்த கட்டில் அந்த வார மாமியார் கதை ஆரம்பிக்கும் தாளைத் தேடி, பின்பக்கம் திருப்பினேன். எங்கள் கதையின் கடைசிப் பக்கம் இருந்தது. பக்கம் முழுக்க நீலப் பென்சிலால் பெருக்கல் குறி. இரவல் வாங்குகிறவர்கள் தவறான பக்கத்தைப் படித்துக் குழம்பக் கூடாது என்று எல்லா வாரமும் அப்படி அடித்து வைத்திருந்தார். கோடுகளுக்கு இடையே எழுத்து தெரிந்தது. ஈரம் பட்ட மூலையில் சில வரிகளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படிக்க வேண்டியிருந்தது. ஒரு வரியைக்கூட ஊகித்து எழுதவில்லை, படிக்க முடியாத சொல்லுக்குப் புள்ளி வைத்தேன்.

தாசில்தார் எதையும் எழுதவில்லை. பேனாவை மூடிவிட்டு ரப்பர் ஸ்டாம்பை மையில் நன்றாக அழுத்தி, சாதி என்ற கட்டத்தின் மேலேயே குத்துகிறார். மை பரவி, உள்ளே என்ன இருக்கிறது என்று இனி யாரும் படிக்க முடியாது. "ஆபீஸ் முத்திரை இருக்குதில்ல, எவனும் கேக்க மாட்டான். கிளம்பு," என்கிறார்.

சத்தமாகச் சிரித்துவிட்டேன். ஊசிக்கு அழுதுகொண்டிருந்த குழந்தை ஒன்று நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது.

மறுநாள் குடைக்கடையில் பாய் அதை இரண்டு முறை படித்தார்.

"இந்த அத்தியாயத்தோட முதல் பக்கமெல்லாம்?"

"அதுக்குப் பின்னால மாமியார் கதை இல்ல, வேற ஏதோ. அவங்க சேர்க்கல. இது மட்டும்தான் கிடைச்சது."

"போதும். இதை அப்படியே படமா எடுத்திருந்தா எவன் பார்ப்பான்?"

"நாம ரெண்டு பேர்."

"ரெண்டு பேருக்குப் படம் ஓட்டுவானா எவனாவது?" என்றவர், கட்டை எடுத்துக் கடைசியில் என் தாளை ஒட்டினார். நான் எழுதியது முழுநீளத் தாள், மற்ற பக்கங்களுக்குக் கீழே இரண்டு விரற்கடை நீட்டிக்கொண்டு நின்றது. பைண்டர் பார்த்துவிட்டு, ஓரத்தை வெட்டிச் சமப்படுத்தித் தருவதாகச் சொன்னார். அந்த ஓரத்தில் இரண்டு வரி இருந்தது. வெட்டக் கூடாது, மடித்து வைத்துத் தையுங்கள் என்று சொல்லி, அவர் தைத்து முடிக்கிறவரை அங்கேயே நின்றிருந்தேன்.