ஆடுகள் பேசக் கூடாது

ஆடு புலி ஆட்டத்தில் என் பெரியப்பாவை யாரும் ஜெயித்ததில்லை. அவருக்கு எப்போதும் புலிதான் வேண்டும். மூன்று பலாக்கொட்டைகள் அவருடைய புலிகள். எதிரே உட்காருகிறவர்களுக்குப் பதினைந்து காப்பிக்கொட்டைகள், அவை ஆடுகள். ஆடுகளை ஒவ்வொன்றாக இறக்கி, புலிகள் அசைய முடியாதபடி சுற்றி அடைக்க வேண்டும். அதற்குள் புலி தாண்டித் தாண்டி ஆடுகளைத் தின்னப் பார்க்கும். ஐந்து ஆடு போனால் ஆட்டம் போச்சு என்பது எங்கள் வீட்டு வழக்கம்.

கிளியூர் போகும் வழியில் இருந்த ஒரு காப்பி எஸ்டேட்டில் அப்பா கணக்கெழுதும் ரைட்டர், பெரியப்பா ஜீப் டிரைவர். ஒரே தகரக் கூரைக்குக் கீழே இரண்டு குவார்ட்டர்ஸ், நடுவில் ஒரு சுவர். எனக்குப் பத்து வயது. எஸ்டேட்டில் டி.வி. என்பது முதலாளி பங்களாவில் மட்டும் இருந்த சாமான். ஆடி மாதம் மழை பிடித்துக்கொண்டால் எங்களுக்கு ஆடு புலியை விட்டால் வேறு போக்கில்லை. அந்த வருடம் நானும் அண்ணனும் மாற்றி மாற்றித் தோற்றுக்கொண்டிருந்தோம்.

தோற்றுத் தோற்று எனக்கு ஒரு ஞானம் பிறந்தது. நான் கெட்டிக்காரியாவது கஷ்டம். பெரியப்பாவின் கெட்டிக்காரத்தனத்தைக் கொஞ்சம் குறைப்பது சுலபம். அப்பாவிடம் பழைய நோட்டு ஒன்று வாங்கி, அட்டையில் ‘சட்டங்கள்’ என்று எழுதினேன். பெரியப்பாவும் உற்சாகமாகிவிட்டார். ஒவ்வொரு சட்டத்துக்குக் கீழேயும் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் ஆட உட்காருவார்.

முதல் சட்டம்: ஒரு புலி நொண்டி, அது நடக்கலாம், தாண்டக் கூடாது. பெரியப்பா மற்ற இரண்டு புலிகளை வைத்து ஜெயித்தார். இரண்டாவது: தின்ற புலி செரிமானத்துக்காக இரண்டு முறை நகராமல் சும்மா இருக்க வேண்டும். செரிக்கும்வரை தின்னாத புலிகளை நகர்த்தி ஜெயித்தார். மூன்றாவது: தின்பதற்கு முன்னால் புலி உறும வேண்டும், எங்களுக்கு எச்சரிக்கையாக இருக்கும். அவர் தின்றாலும் தின்னாவிட்டாலும் ஒவ்வொரு முறையும் உறுமினார். எது நிஜ உறுமல் என்று தெரியாமல் நாங்கள் கலங்கிப்போனதுதான் மிச்சம். நான்காவதாக, அவர் பலகைக்கு முதுகைக் காட்டி வெளியே மழையைப் பார்த்துக்கொண்டு ஆட வேண்டும், அண்ணன் நிலவரம் சொல்வான் என்று வைத்தேன். ஜெயித்தார். அதோடு ரோட்டில் யார் யார் எந்தக் குடையில் போனார்கள் என்பதையும் சொன்னார்.

“எந்தச் சட்டம் வேணாலும் போடு கண்ணு. தோத்தா மீசைய எடுத்துடறேன்” என்றார். அந்த மீசையைப் பார்த்துத்தான் மலைப்பாதையில் லாரிக்காரர்கள் ஜீப்புக்கு வழிவிடுகிறார்கள் என்பது அவருடைய நம்பிக்கை.

புலியைக் கட்டிப்போட்டுப் பயனில்லை என்று தெரிந்ததும் அந்த நான்கு சட்டங்களையும் அடித்துவிட்டு நான் ஆடுகள் பக்கம் திரும்பினேன். ஆடுகளை இரண்டு பேர் சேர்ந்து ஆடலாம், ஒருவர் மாற்றி ஒருவர் கை வைக்கலாம் என்று ஒரு சட்டம் எழுதினேன். பெரியப்பா யோசித்துவிட்டு, சரி, ஆனால் அந்த இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசக் கூடாது, ஒரு வார்த்தை பேசினாலும் ஆடுகள் தோற்றதாகக் கணக்கு என்று சேர்த்தார். நான் விடவில்லை. கண் ஜாடை கூடாது, கனைக்கக் கூடாது, பத்து எண்ணுவதற்குள் ஆடியாக வேண்டும் என்று நானே எனக்கு எதிராக மூன்று வரி கூட்டிக்கொண்டேன். சட்டம் எழுத ஆரம்பித்தால் கை நிற்காது.

நானும் அண்ணனும் முதலில் ஆடினோம். நான் போட்ட ஆட்டுக்கு அவன் காவல் போடவில்லை, அவன் போட்டதற்கு நான் போடவில்லை. ஐந்தாவது ஆடு போனதும் பேசக் கூடாது என்ற சட்டம் முடிந்துவிட்டதால் அடித்துக்கொண்டோம்.

பெரியப்பா எங்களை விலக்கிவிட்டு மீசையைத் தடவினார். “எங்க ஊட்டுக்காரியும் உங்கம்மாளும் ஒரு பக்கம் ஒக்காந்தா ஆட்டம் நொம்ப நல்லா இருக்கும். அது நடக்கற காரியமா, சாமி?”

நடக்கிற காரியம் இல்லைதான். அம்மாவும் பெரியம்மாவும் பேசி மூன்று மாதம் ஆகியிருந்தது. சேர்வராயன் கோயில் திருவிழா முடிந்து திரும்பும்போது, பெரியம்மா பஸ் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு அம்மாவுக்கு சீட் பிடித்தாள். அம்மா எங்களையும் பொரிகடலைப் பையையும் இழுத்துக்கொண்டு ஏறிப் பார்த்தால், அந்த சீட்டில் பெரியம்மாவின் தங்கச்சி உட்கார்ந்திருந்தாள். அம்மா நின்றுகொண்டே வந்தாள். மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் அம்மா சொன்ன ஒரு வார்த்தை, சாயங்காலத்துக்குள் பெரியம்மாவின் காதுக்கு நாலு வார்த்தையாகப் போய்ச் சேர்ந்தது. அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு எல்லாம் என் வழியாகத்தான். “கண்ணு, அரிவாள்மணை வேணுமான்னு உங்க பெரியம்மாளக் கேளு” என்பாள் அம்மா. பெரியம்மா இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருப்பாள். நான் நடுவில் நின்று, ஏற்கெனவே காதில் விழுந்த விஷயத்தை மறுபடி ஒரு தடவை சொல்வேன். பதிலும் அப்படியே திரும்பி வரும். ஆடுகளை ஆடுவதில் கெட்டிக்காரிகள் அந்த வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். ஆடு இறக்குவதில் அம்மா கில்லாடி. இறக்கிய ஆட்டைக் காப்பாற்றுவதில் பெரியம்மா.

நான் முதலில் அம்மாவிடம் போனேன். பெரியம்மாவோடு பேச வேண்டியதில்லை, பேசவே கூடாது, அதுதான் சட்டம் என்று நோட்டைக் காட்டினேன். ஒரு வார்த்தைகூடக் கூடாதா என்று அம்மா கேட்டாள். கூடாது என்றேன். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, அப்படியானால் வருவதில் தப்பில்லை என்றாள். சுவருக்கு அந்தப் பக்கம் பெரியம்மாவும் அதையே கேட்டு, அதையே சொன்னாள். என் சட்டத்தின் மகிமையை நினைத்து எனக்கே புல்லரித்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காப்பிக் களத்துக் கொட்டகையில் சாக்கட்டியால் கோடு போட்டேன். அப்பா, அண்ணன், பக்கத்துத் தொழிலாளர் லயத்து ஜனங்கள் எல்லாரும் சாக்குகளின் மேல் உட்கார்ந்தார்கள். அம்மாவும் பெரியம்மாவும் நடுவில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டு உட்கார்ந்தார்கள். நான் நடுவர்.

ஆரம்பம் கேவலமாக இருந்தது. அம்மா வலதுபக்கம் ஆடு இறக்கினால் பெரியம்மா வேண்டுமென்றே இடதுபக்கம் இறக்கினாள். காவல் இல்லாத ஆடுகளைப் பெரியப்பா உறுமாமலே தின்றார். மூன்று போய்விட்டது. அப்பா தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார்.

பிறகு அம்மா ஓர் ஆட்டைப் புலியின் வாய்க்கு நேராகக் கொண்டுபோய் வைத்தாள். பைத்தியக்காரத்தனம் என்று நினைத்தேன். பெரியம்மாவும் அப்படித்தான் நினைத்திருப்பாள். அந்த ஆட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். புலி அதைத் தாண்டித் தின்றதும் அவளுக்குப் புரிந்துவிட்டது. தன் ஆட்டை எடுத்துப் புலி வந்த வழியில் வைத்தாள். தின்ற புலி மூலையில் மாட்டிக்கொண்டது. பெரியப்பா முதன்முதலாகச் சம்மணத்தை மாற்றிப் போட்டு உட்கார்ந்தார்.

அதிலிருந்து ஒரே ஆள் ஆடுகிற மாதிரி இருந்தது. அம்மா வைத்த இடத்துக்குப் பக்கத்தில் பெரியம்மாவின் கை தானாகப் போயிற்று. அம்மாவின் வளையல் சத்தம் ஜாடை என்று பெரியப்பா புகார் செய்தார். நான் விசாரித்து, வளையலை முழங்கைக்கு ஏற்றிக் கைக்குட்டையால் கட்டினேன். நடுவில் டீ வந்தது. பெரியம்மா ஒரு டம்ளரை அம்மா பக்கமாக நகர்த்தினாள். அதுவும் ஜாடைதான் என்றார் பெரியப்பா. டீ ஆட்டத்தில் சேராது என்று தீர்ப்புச் சொன்னேன்.

இரண்டாவது புலியும் அடைபட்டது. மூன்றாவது புலிக்கு ஒரே ஒரு காலி இடம் பாக்கி. அம்மாவின் முறை. ஓரத்தில் சும்மா நின்ற ஆட்டை நகர்த்தி அந்த இடத்தை அடைத்தால் முடிந்தது. பெரியப்பாவின் கை மீசைக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது. நான் சத்தமாக எண்ண ஆரம்பித்தேன்.

அம்மா வேறோர் ஆட்டின் மேல் விரலை வைத்தாள். அதை எடுத்தால் மூலைப் புலிக்கு வழி திறந்துவிடும். ஐந்து எண்ணினேன். விரல் நகரவில்லை. ஏழு. எட்டு. தகரத்தின் மேல் மழை அடித்துக்கொண்டிருந்தது. ஒன்பது என்று நான் வாய் திறந்தபோது பெரியம்மாவின் குரல் கேட்டது.

“அதத் தொடாத கண்ணு. மூலையில இருக்கறது வெளிய வந்துரும்.”

அம்மா தலை நிமிராமல் கேட்டாள்.

“அப்ப எதைங்கக்கா எடுக்கட்டும்?”

நான் துள்ளி எழுந்து, ஆடுகள் பேசிவிட்டன, ஆடுகள் தோற்றுவிட்டன என்று தீர்ப்புச் சொன்னேன். யாரும் என்னைக் கவனிக்கவில்லை. பெரியப்பா மட்டும், சட்டம் என்றால் சட்டம்தான் என்று மிகுந்த சந்தோஷத்தோடு ஒப்புக்கொண்டு எழுந்து வெளியே போனார். அம்மாவும் பெரியம்மாவும் எந்த ஆட்டை எப்போது எடுத்திருக்க வேண்டும் என்று பேசினார்கள். அப்புறம் பஸ்ஸைப் பற்றிப் பேசினார்கள், சத்தமாக. அப்புறம் இரண்டு பேரும் ஒரே முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டார்கள். நான் கோபத்தில் அழுதுகொண்டிருந்தேன். இன்னொரு ஆட்டம் வைக்கலாம் என்று கெஞ்சினேன். அம்மா வளையலை அவிழ்க்கச் சொல்லிக் கையை நீட்டினாள்.

‘பெரியம்மா பேசியதால் ஆடுகள் தோல்வி’ என்று நோட்டில் எழுதி இருவரிடமும் கையெழுத்து வாங்கினேன். தோற்றவர்கள் இப்படிச் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போடக் கூடாது என்று எனக்குத் தோன்றியது.

பல வருடம் கழித்து, அந்தக் கடைசி நிலையை ஒரு காகிதத்தில் வரைந்து பார்த்தேன். எந்த ஆட்டை நகர்த்த வேண்டும் என்பது, அன்றைக்குத்தான் ஆட்டம் பழகியவர்களுக்குக்கூடத் தெரியும். புலியின் வாயில் ஆட்டை வைத்து அதைப் பிடித்தவள் என் அம்மா. அவள் அவசரப்படவும் இல்லை. தப்பான ஆட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு, நான் எண்ணுவதைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தாள். அம்மாவுக்கு ஆட்டம் மறந்துவிட்டது என்று நினைத்து, அவளுக்கு உறைக்கட்டும் என்று நான் இன்னும் உரக்க எண்ணிக்கொண்டிருந்தேன்.