அது என்னுடைய கார்

போன வருடம் தை மாதம், மதுரை கோச்சடையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு மகளைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். பேச்சு எப்படியோ வெளிநாட்டு வாழ்க்கைக்குப் போனது. என் கணவருக்கு அது போதும்.

"மஸ்கட்ல என்கிட்ட ஒரு வெள்ளைக் கார் இருந்துச்சு" என்று ஆரம்பித்தார்.

காபி கொண்டுவந்த எனக்குச் சுருக்கென்றது. அந்தக் கார் என்னுடையது. கல்யாணத்துக்கு முன் அங்கே நர்ஸாக இருந்தபோது, ஊர் திரும்பிய ஒரு மலையாள நர்ஸிடம் நான் வாங்கிய பழைய கார். ஏசி போட்டால் மிக்ஸி மாதிரி சத்தம் வரும். பின்கதவை வெளியிலிருந்துதான் திறக்க முடியும். ஆனாலும் வெள்ளிக்கிழமைகளில் அறைத் தோழிகளை ஏற்றிக்கொண்டு கடற்கரை ரோட்டில் போகும்போது, பஸ்ஸுக்குக் காத்துக் கிடந்த பெண்ணா நான் என்று இருக்கும். இவர் கல்யாணத்துக்குப் பிறகுதான் அங்கே வந்தார். அவருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததே நான்.

மதுரைக்குத் திரும்பியதும், "இங்க நீ ஓட்டுனா நாலு பேரு என்ன பேசுவாங்க" என்றார். விட்டுவிட்டேன். பிறகு கதையும் மெல்ல அவருடையதாகிவிட்டது. விருந்தாளிகள் முன்னால் எதற்கு என்று ஒவ்வொரு தடவையும் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அன்று அவர் அதோடு நிற்கவில்லை. "ஒரு தடவை பேய் மழை. ரோடெல்லாம் தண்ணி. பக்கத்து வீட்டுப் பொண்ணுக்குப் பிரசவ வலி. நான்தான் கார்ல ஏத்திக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தேன்!"

அந்தப் பெண் அலறிக்கொண்டு கிடந்தது என் பின்சீட்டில். பிரேக் பிடிக்குமோ பிடிக்காதோ என்று சாமி பேரைச் சொல்லிக்கொண்டே ஓட்டியது நான். அப்போது இவர் அந்த நாட்டிலேயே இல்லை. எங்களுக்கு நிச்சயம்கூட ஆகவில்லை.

மாப்பிள்ளையின் அப்பா என்னிடம், "நீங்களும் கார் ஓட்டுவீங்களாம்மா?" என்று கேட்டார்.

"அவளா? அவளுக்கு ஹார்ன் எங்க இருக்குன்னே தெரியாது" என்று முந்திக்கொண்டார் என் கணவர்.

எல்லோரும் சிரித்தார்கள். என் மகளும் சிரித்தாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

தட்டை ணங்கென்று வைத்தேன். "அது என் கார். நான் சம்பாதிச்சு வாங்குனது. அந்தப் பொண்ணைக் கொண்டுபோய்ச் சேத்ததும் நான்தான். இம்புட்டு வருசம் வாயை மூடிக்கிட்டு இருந்தேன், இனிமே முடியாது." குரல் தெரு வரை கேட்டிருக்கும்.

வந்தவர்கள் காபியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார்கள். பொண்ணோட அம்மாவுக்கு வாய் ஜாஸ்தி என்று தரகர் மூலம் பதில் வந்தது.

"உன்னால ஒரு நல்ல இடம் போச்சு. அதை அப்பத்தான் சொல்லணுமா?" என்று கத்தினார் கணவர்.

"வேற எப்பச் சொல்ல விட்டீங்க?" என்றேன்.

மகளோ, "நெசமாவாம்மா? ஏன் என்கிட்டகூடச் சொல்லல?" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளே எங்கள் காரில் என்னை ஒத்தக்கடைக்கு அப்பால், வீடு கட்டாத பிளாட்டுகள் பக்கம் கூட்டிப்போய், ஸ்டியரிங்கை என்னிடம் கொடுத்தாள். மஸ்கட்டில் டிரைவர் சீட் இடதுபக்கம். அந்தப் பழக்கத்தில் என் வலது கை கியரைத் தேடித் தேடிக் கதவில் இடித்தது. இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

இப்போது இங்கேயும் லைசென்ஸ் எடுத்துவிட்டேன். சமயநல்லூரில் இருக்கும் தங்கை வீட்டுக்கு நானே ஓட்டிக்கொண்டு போகிறேன். கணவரும் சில நாள் பக்கத்தில் உட்கார்ந்து வருவார். இதுவரை ஒரு வார்த்தை வருத்தம் தெரிவித்ததில்லை. என் கோபமும் தீரவில்லை. மரியாதைக்காகச் சும்மா இருந்தால் பெற்ற பிள்ளைக்கே நாம் யாரென்று தெரியாமல் போய்விடும் என்று புரிந்த பிறகு, அது தீர வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை.