வெர்லீனின் வக்கீல் அட்டை

பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள் வெர்லீன் மேப்ரி. அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் இருந்த அந்தச் சிற்றூரில் பாதிப் பேர் சிறு வயதில் அவளிடம் அதட்டு வாங்கியவர்கள். அதனால் அவள் வக்கீல் அட்டை விற்கக் கிளம்பியபோது மாட்டேன் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

மாதச் சந்தா கட்டினால் வேண்டும்போது வக்கீல் வருவார். அதுதான் திட்டம். புதன்கிழமை தேவாலயச் சாப்பாட்டில் தட்டை நீட்டியவர்களிடம் அட்டையையும் நீட்டுவாள். "வக்கீல் இல்லாத வீடு, கதவில்லாத கக்கூஸ் மாதிரி" என்பாள். உயில் எழுதாமல் செத்தவரின் இறுதிச் சடங்கில்கூட, சவப்பெட்டியைக் கண்ணால் காட்டியே விற்றிருக்கிறாள்.

அவளுடைய பேருந்தின் கடைசி இருக்கையில் வளர்ந்த டெல்பர்ட்தான் இப்போது பக்கத்து வீட்டுக்காரன். அவனும் ஓர் அட்டை வாங்கினான்.

இரு வீட்டுக்கும் பொதுவான வேலியில் ஒரு பீக்கன் மரம், வாதுமைபோல் கொட்டை காய்ப்பது. அதன் கொட்டையில் 'பை' என்னும் இனிப்புப் பண்டம் சுட்டுத்தான் வெர்லீன் ஆண்டுதோறும் ஊர்க் கண்காட்சியில் முதல் பரிசான நீல ரிப்பன் வாங்குவாள். கடைக் கொட்டையில் பை சுடுகிறவளை அவள் மனுஷியாகவே மதிப்பதில்லை. அந்த இலையுதிர் காலத்தில் டெல்பர்ட் புதிதாகத் தகரக் கூரை போட்டான். கொட்டை விழுந்தால் துப்பாக்கி வெடிப்பதுபோல் கேட்டது. சனிக்கிழமை மரத்தை வெட்ட ஆள் வருகிறது என்று சொல்லிவிட்டான்.

வெர்லீன் தெம்பாக அட்டையை எடுத்து எண்ணைச் சுழற்றினாள். வெகுநேரம் காத்திருப்பு இசை கேட்டபின் டல்சா நகரத்து வக்கீல் ஒருவன் கிடைத்தான்.

"மன்னிக்கணும் மேடம். டெல்பர்ட் ஹாஸ்கின்ஸும் எங்க உறுப்பினர். நேத்தே கூப்பிட்டார். ரெண்டு கட்சிக்கும் நாங்க பேச முடியாது."

"அப்ப வேற வக்கீலைக் குடு."

"இந்த மாநிலம் முழுக்கத் திட்டத்துக்கு எங்க ஆபீஸ் ஒண்ணுதான், மேடம்."

அவள் உள்ளூர் வக்கீலிடம் போனாள். அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்ல கெட்டியா இருக்கு வெர்லீன். ரொட்டிக்கு வெண்ணெய் தடவலாம்" என்றார். அவரை வைத்து வாதாட வேண்டுமானால் காசு அவள்தான் கொடுக்க வேண்டும். திட்டம் அவரை ஒப்புக்கொள்ளாது.

சனிக்கிழமை ரம்பத்துக்காரன் வந்தான். வெர்லீன் மடக்கு நாற்காலியை மரத்தடியில் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"எந்திரிங்க மிஸ் வெர்லீன். கேஸ் போட வெச்சிராதீங்க" என்றான் டெல்பர்ட்.

"போடேண்டா. எந்த வக்கீலை வெச்சுப் போடுவே?"

டெல்பர்ட் தலையைச் சொறிந்தான். "எனக்கும் முடியாதுன்னுட்டாங்க. எதிராளியும் எங்க ஆளுங்கிறாங்க."

"பின்னே? வித்ததே நான்தானே!"

"என் சந்தாவுல மாசாமாசம் உங்களுக்குக் கமிஷன் வேற போகுது. உங்களை எதிர்த்து வக்கீலைக் கூப்பிட்டா, அதுலயும் உங்களுக்குத்தான் லாபம்!"

ரம்பத்துக்காரன் முதலில் சிரித்தான். பிறகு டெல்பர்ட். வெர்லீன் கொஞ்சம் தாமதித்துத்தான் சிரித்தாள்.

"கூரைக்கு மேல வர்ற கிளையை மட்டும் வெட்டிக்க. தண்டுல கை வெச்சே, பழையபடி பஸ்ஸை விட்டு இறக்கி நடக்க விட்டுருவேன்."

"எனக்கும் ஒரு பை வேணும். ரிப்பன் வாங்கறதுக்கு முன்னாடி."

"சரிடா."

கிளை விழுந்தது, மரம் நின்றது. அன்று மத்தியானமே இருவரும் வெர்லீனின் சமையலறையில் கொட்டை உடைத்துக்கொண்டே திட்டத்திலிருந்து விலகப் போன் போட்டார்கள். சேர ஒரு கையெழுத்து போதும். விலகத்தான் தவம் கிடக்க வேண்டும். மேசையில் இரண்டு போன்களிலும் ஒரே இசை, ஒன்றுக்கொன்று கொஞ்சம் பின்தங்கி.

கடைசியில் டெல்பர்ட்டின் போனில் ஒரு பெண் குரல் வந்தது. "என்ன காரணத்துக்காக விலகறீங்க, சார்?"

"பக்கத்து வீட்டம்மாவோட சமாதானமாயிட்டேன்."

கம்ப்யூட்டரில் எதையோ தட்டும் சத்தம் கேட்டது. "அப்படியொரு காரணம் எங்க பட்டியல்ல இல்லீங்களே, சார். கொஞ்சம் லைன்ல இருங்க."

இசை மறுபடியும் தொடங்கியது. வெர்லீன் இன்னொரு கிண்ணம் கொட்டையை அவன் பக்கம் தள்ளினாள்.