பாலிஷ் போடாத வாட்ச் கடை

இன்று நான் பார்த்தது லென்ஸ் அக்காவை. பழைய ராணுவக் கைக்கடிகாரங்களைப் பழுது பார்ப்பவர். வலது கண்ணில் மாட்டிய பூதக்கண்ணாடி லென்ஸ் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை, அதனால் அந்தப் பெயர். கடை வாசலில் ஒரே ஒரு பலகை: 'இங்கே பாலிஷ் போடுவதில்லை.' சிரித்துக்கொண்டேதான் உள்ளே போனேன்.

எனக்கு முன்னால் ஒரு பஸ் டிரைவர், சீருடையோடு. மேசையில் அவருடைய அப்பாவின் கடிகாரம். கறுப்பு முகம், பழுத்து மஞ்சளான எண்கள், பக்கவாட்டில் இரண்டு பொத்தான்கள். இப்படிப் பொத்தான் உள்ள மற்ற கடிகாரங்களில் நேரம் அளக்கும் நொடி முள்ளை நிறுத்தி, பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, மறுபடி ஓடவிட மூன்று முறை அமுக்க வேண்டும். இதில் கீழ்ப் பொத்தானை ஒரு முறை அமுக்கினால் போதும், முள் துள்ளித் திரும்பி அப்போதே புதிதாகக் கிளம்பும். ஒரு கையில் விமானத்தைப் பிடித்திருப்பவருக்காகச் செய்தது. டிரைவரின் அப்பா விமானி.

"அஞ்சு மணிக்குள்ள மியூசியத்துல கொடுக்கணும். பின்மூடியில இருந்த நம்பரை எவனோ தேய்ச்சு அழிச்சிட்டான். அப்பாவோட பணிச் சான்றிதழ்ல இருக்கிற அதே நம்பர் வாட்ச்லயும் இல்லேன்னா அப்பா பேரைப் போடமாட்டாங்களாம். உள்ள எங்கயாவது இருக்கா பாருங்க."

மணி மூன்றரை. அக்கா மூடியைத் திறந்து குனிந்தார். நிமிரவே இல்லை.

"என்னடி, உள்ள பல்லி கில்லி இருக்கா?" என்றார் பக்கத்தில் ரசீது எழுதும் அக்காவின் மாமியார்.

பழுது பார்ப்பவர்கள் மூடியின் உட்புறத்தில் தங்கள் குறியையும் வருடத்தையும் கீறி வைப்பார்கள். இதில் இருந்தது அக்காவின் குறி. பன்னிரண்டு வருடம் முந்தையது.

"அந்த மடையன் மட்டும் கையில கிடைச்சான்னா..." என்றார் டிரைவர்.

"கிடைச்சாச்சு சார். நான்தான்."

டிரைவர் மூடியைப் பார்த்தார், பிறகு அக்காவை.

"அப்போ கடை தொடங்கி மூணு மாசம். ஒரு பெரியவர் இதைக் கொடுத்தார். பளபளன்னு இருந்தா சந்தோஷப்படுவார்னு நெனச்சேன். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார், ஒண்ணும் சொல்லாம போயிட்டார். நான் தேய்ச்சது கீறல் இல்ல, நம்பர்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. அன்னைக்கு மாட்டினதுதான் வாசல்ல இருக்கிற போர்டு."

டிரைவர் கடிகாரத்தை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

"ஒரு இடம் பாக்கி இருக்கு சார். பட்டை மாட்டுற கம்பியைக் கழட்ட முடியாது. பறக்கும்போது வாட்ச் விழக்கூடாதுன்னு கடிகாரக் கூட்டோட சேர்த்துப் பத்தவச்சிருக்காங்க. அதனால பாலிஷ் சக்கரம் கம்பிக்கும் கூட்டுக்கும் நடுவுல இருக்கிற இடுக்குக்குள்ள போகல. சிலதுல அங்கயும் நம்பர் அடிச்சிருப்பாங்க. ஆனா பட்டையை வெட்டணும்."

"அது எங்கப்பா கையால தைச்ச தோல்."

"தெரியுது. பிரிச்சா பொடிஞ்சிடும்."

"வெட்டியும் நம்பர் இல்லேன்னா?"

"பட்டையும் போச்சு."

"உங்க கையில கொடுத்து ஒரு தடவை பட்டாச்சு."

மாமியார் பேனாவை வைத்தார். "தம்பி, இவ வாயைத் திறக்காம இருந்திருந்தா உங்களுக்குத் தெரிஞ்சிருக்கப் போறதில்ல. அதை மட்டும் யோசிங்க."

டிரைவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றே முக்கால். உட்கார்ந்தார். "பிளேடைக் கொடுங்க. நானே வெட்டுறேன்."

வெட்டினார். இடுக்கில் பச்சைக் களிம்பு. அக்கா ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மரக்குச்சியால் மயிலிறகால் வருடுவது போல மெல்லத் தேய்த்தார். மேல் இடுக்கில் ஒன்றுமில்லை. கீழ் இடுக்கு. குச்சி நின்றது.

அக்கா லென்ஸைக் கழற்றி அவரிடம் நீட்டினார். "நான் சொன்னா நம்பாதீங்க. நீங்களே படிங்க."

டிரைவர் கொண்டுவந்திருந்த அப்பாவின் பணிச் சான்றிதழை மாமியார் விரித்து, நம்பரில் விரலை வைத்துக்கொண்டார்.

"ஏழு... ரெண்டு..."

"ம்."

"அடுத்தது அரிச்சுப் போயிருக்கு. ஆறா, எட்டா... வால் இருக்கு. ஆறு."

"ம்."

"நாலு."

"இதுவும் அதேதான் தம்பி."

அவர் லென்ஸை எடுக்கவே இல்லை. அதற்குள்ளிருந்து கண்ணீர் வழிந்தது. அக்காவின் வெறும் கண்ணிலும்தான். என்னால் அங்கே நிற்க முடியவில்லை, கதவருகே போய்விட்டேன்.

கிளம்பும்போது டிரைவர் தன் கையிலிருந்த வாட்சைக் கழற்றி மேசையில் வைத்தார். "இது பத்து நிமிஷம் லேட்டா ஓடுது. பாருங்க. பாலிஷ் வேண்டாம்."

நாலே முக்காலுக்கு டிரைவரிடமிருந்து கடைக்கு போன் வந்தது. அப்பாவின் பேரோடு வாங்கிக்கொண்டார்களாம்.

மியூசியத்துக்குப் போனால் பட்டை இல்லாத அந்தக் கடிகாரத்தைத் தேடிப் பாருங்கள். வீட்டில் பழைய கடிகாரம் வைத்திருக்கும் யாருக்காவது இதை அனுப்புங்கள், அதன் முதுகைத் தேய்ப்பதற்கு முன்னால்.