போன வருஷத்துப் பாக்கி

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. இயந்திரங்கள் போடும் இரைச்சலில் கத்தினால் தொண்டைதான் போகும். தோளைத் தட்டிவிட்டுக் கையால் காட்டுவார்கள். அங்கே படுக்கை விரிப்பு மடிக்கிறவள் இவள். வீட்டிலும் ஒண்டிக்கட்டை. அதனால் மாலைக் கல்லூரியில் சேர்ந்தபோது கணக்குப் பாடத்தைவிட வருகைப் பதிவுதான் அவளுக்குப் பிடித்துப்போனது. அங்கே ஒருவர் வாய் திறந்து அவள் பெயரைச் சொல்கிறார், அவள் பதில் சொல்கிறாள். சிரிக்காதீர்கள், தனியாக இருந்து பார்த்தால் தெரியும்.

போன வருஷம் நெஞ்சில் சளி கட்டிப் படிப்பைப் பாதியில் விட்டாள். விட்டதால் உதவித்தொகையைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். கட்டணம் மட்டும் அவள் தலையில் நின்றது. இந்த வருஷம் புது உதவித்தொகை கிடைத்ததும், பழைய பாக்கி அதில் கழிந்துவிடும் என்று மனக்கணக்குப் போட்டுக்கொண்டு கல்லூரி அலுவலகத்துக்குப் போனாள்.

குமாஸ்தா நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்களிடம்தான் விதிகளைக் கொடுத்து உட்காரவைக்கிறார்கள்.

“இந்த வருஷப் பணம் இந்த வருஷத்துக்குத்தாம்மா. பழைய பாக்கிக்கு ஏதோ துளி எடுக்கலாம், அதுவும் நீங்க எழுதிக் கொடுத்தா. கட்டணம் போக மிச்சம் உங்க கைக்கு வந்துட்டா, அதை நீங்க எதுக்கு வேணா கட்டிக்கலாம்.”

மிச்சம் எப்போது வரும் என்று கேட்டாள். பெயரைப் பதிந்த பிறகு என்றார். பெயரை எப்போது பதிவீர்கள் என்றாள். பாக்கியைக் கட்டிய பிறகு என்றார். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்கிற கதைதான். வெள்ளிக்கிழமைக்குள் கட்டாவிட்டால் இந்த வருஷமும் வகுப்பு இல்லை.

கேட்பதற்கு அண்ணன் ஒருவர்தான். சண்டை கிண்டை எதுவும் இல்லை. அம்மா போன பிறகு பேச்சு தானாகத் தேய்ந்துபோயிருந்தது. இந்த வயதில் படிப்பா என்று கேட்பார். அந்தக் கேள்விக்கான பதில், நெஞ்சுச்சளி, இந்தக் கிறுக்குப் பிடித்த விதி, எல்லாவற்றையும் விரிப்பு மடித்தபடியே மனசுக்குள் அடுக்கிவைத்தாள். விளக்கி முடிக்க அரை மணி நேரமாவது ஆகும் என்பதில் அவளுக்கு உள்ளூர சந்தோஷம்கூட.

சாயங்காலம் போன் செய்தாள். கொஞ்சம் பணம் வேண்டும் என்று ஆரம்பித்ததுமே அண்ணன், “எவ்வளவு?” என்றார். சொன்னாள்.

“கணக்கு நம்பர் அனுப்பு, இப்பவே போட்டுடறேன். வேற ஒண்ணும் இல்லையே?”

“இல்லண்ணா.”

வைத்துவிட்டார். சொன்னபடி பணமும் வந்துவிட்டது. இனி வெள்ளிக்கிழமையைப் பற்றிக் கவலையில்லை. அவள் கட்டிலில் உட்கார்ந்து, ஓய்ந்துபோன போனைக் காதில் வைத்துக்கொண்டு, “படிக்கிறேண்ணா” என்றாள்.